பத்திரத்தைப் பார்க்கிறோம், மண்ணைப் பார்ப்பதில்லை

மனை வாங்கும்போது நம்மவர்களின் எச்சரிக்கைக்குக் குறைவே இல்லை. மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா என ஒவ்வொன்றையும் வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபார்க்கிறோம். ஆனால் வீடு நிற்கப்போவது மண்ணின் மேல். அந்த மண்ணைப் பற்றி மட்டும் தரகர் சொன்னது, மேஸ்திரி சொன்னது, பக்கத்து மனைக்காரர் சொன்னது என்று செவிவழிச் செய்தியே நமக்குப் போதுமானதாக இருக்கிறது.

'அங்கீகாரம் பெற்ற மனை, அதனால் மண்ணும் நன்றாகத்தான் இருக்கும்.' மனைப்பிரிவு அங்கீகாரம் சாலையின் அகலத்தையும் பூங்காவுக்கு விட்ட இடத்தையும் நில உபயோகத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுவது. மேலே பரப்பிய நான்கடி கிராவலுக்குக் கீழே பழைய குட்டையின் சேறு இருக்கிறதா, இடித்த கட்டடத்தின் கழிவு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சமமாக நிரவி, கல் நட்டு, சுண்ணாம்பு அடித்த மனை பார்க்க அழகாக இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். பக்கத்தில் கிணறு வெட்டியவரையும் போர் போட்டவரையும் கேட்டால் எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று சொல்வார்கள். கேட்பவர்தான் இல்லை.

'குழி தோண்டி, அதே மண்ணைத் திரும்பக் கொட்டிப் பார்த்தால் போதும். மண் மிஞ்சினால் நல்ல மனை.' மனையடி சாஸ்திர வழியில் வந்த இந்தச் சோதனையை மூடநம்பிக்கை என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. இறுகிய மண்ணைத் தோண்டினால் உதிர்ந்து பெருகும், குழியில் அடங்காமல் மிஞ்சும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது காட்டுவது முழங்கால் ஆழத்து மண்ணை மட்டுமே. ஐந்தடி அகலத்தில் அமைக்கும் பில்லர் அடித்தளம், தனக்குக் கீழே ஏறத்தாழ பத்தடி வரை மண்ணை அழுத்துகிறது. அந்த ஆழத்தை அறியத் துளையிட்டுத்தான் பார்க்க வேண்டும். 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைதான் மண்ணின் உறுதிக்குச் சாட்சி.

எல்லாவற்றையும்விட அதிக நஷ்டத்தை உண்டாக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: 'மண் பரிசோதனை அடுக்குமாடிக்குத்தான், சின்ன வீட்டுக்கு எதற்கு?' 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. அப்படிப்பட்ட செய்திகளே மனத்தில் தங்குவதால், ஆபத்து உயரமான கட்டடங்களுக்கு மட்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். கரிசல் மண்ணில் நடப்பது இதற்கு நேர்மாறு. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் சித்திரையில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் அதே மண் நீர் குடித்து உப்பும். உப்பும்போது மேலே இருப்பதைத் தூக்கும். கனமான கட்டடம் தன் பாரத்தால் ஓரளவு எதிர்த்து நிற்கும். ஒற்றைத்தள வீடும் சுற்றுச்சுவரும் கழிவுநீர்த் தொட்டியும் எதிர்க்க முடியாமல் தூக்கப்படுகின்றன. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே ஈரம் அவ்வளவாக மாறாது, ஓரங்களில் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அந்த விரிசல் இப்படித்தான் பிறக்கிறது. கொத்தனாரை அழைத்துப் பூசுகிறோம். அடுத்த கோடையில் அதே இடத்தில் திறந்துகொள்கிறது. சிமென்ட் சரியில்லை என்கிறோம், மேஸ்திரியைத் திட்டுகிறோம், மறுபடியும் பூசுகிறோம். காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது.

இதை அறியும் சோதனை எளியது. ஒரே அளவு உலர்ந்த மண்தூளை இரண்டு கண்ணாடி அளவுக்குழாய்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விடுகிறார்கள். மண்ணெண்ணெயில் மண் அப்படியே கிடக்கும். தண்ணீரில் அது எவ்வளவு உப்பியிருக்கிறதோ, அவ்வளவு ஆபத்து. உப்பும் மண் என்று தெரிந்துவிட்டால் அதற்கென்றே அடித்தள முறைகள் இருக்கின்றன. ஈரம் மாறாத ஆழம் வரை இறங்கி அடியில் குமிழ்போல் விரியும் பைல் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்திருக்கிறது. பரிசோதனைக்கு ஆகும் தொகை, பெரும்பாலும் வீட்டுச் செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

'கரிசலாக இருந்தால் என்ன, வானம் தோண்டி மணலைக் கொட்டிவிடலாம்' என்பார்கள். மணல் உப்பாது, உண்மைதான். ஆனால் சுற்றிலும் களி இருக்க நடுவில் கொட்டிய மணல், மழைநீரைத் தேக்கி அந்தக் களிக்கே ஊட்டும் தொட்டியாகிவிடும். நீர் எளிதில் புகாத, உப்பாத மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்து நிரப்புவதே சரி. சுவரையொட்டித் தண்ணீர் நிற்காதபடி சுற்றிலும் சரிவாகத் தளம் போடுவதும் அவசியம்.

தோட்டம் போடுபவர்களிடம் உலவுவது வேறு: 'உப்பு மண்ணா? ஜிப்சம் போடுங்கள். இல்லாவிட்டால் ரெண்டு லாரி செம்மண் அடியுங்கள்.' களர் வேறு, உவர் வேறு என்ற தெளிவு நம்மிடம் மங்கிப்போனதால் வந்த வினை இது. களரில் சோடியம் மண்துகள்களைப் பிரித்துவிடுவதால் தண்ணீர் இறங்காது, காய்ந்தால் கட்டாந்தரையாகும். அங்கே ஜிப்சம் வேலை செய்யும், போட்ட பின் நீர் பாய்ச்சி வடித்தும் விட வேண்டும். உவரில் மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது கரையும் உப்பு. நல்ல தண்ணீர் விட்டு அலசி வடிகால் வழியே வெளியேற்றுவதுதான் வழி, ஜிப்சம் வீண்செலவு. மேலே கொட்டிய செம்மண்ணையும் கீழிருந்து ஏறும் உப்பு விட்டுவைக்காது.

எனவே முதலில் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். வரப்பு, மரநிழல், எருக்குவியல் ஆகியவற்றைத் தவிர்த்து, பல இடங்களில் அரையடி ஆழத்துக்கு மண்ணெடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் களரா உவரா என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு லாரிக்குச் சொல்லலாம்.