எங்கள் தெருவில் வேண்டாம். அப்படியானால் யார் தெருவில்?

வேதபாடம்: அப்போஸ்தலர் 19:8-41



சமீபத்தில் வெள்ளிமலையில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பெரிய வாக்குவாதம். "ஊருக்கு ஊரு அரசாங்கக் கடை இருந்தா எவன் கள்ளச்சாராயம் குடிக்கப் போறான்?" என்றார் ஒருவர். "தெருவுல கடை வந்தா பொம்பளப் புள்ளைங்க எப்படி நடக்கும்?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பேப்பரில் படித்ததைச் சொன்னார்: "வெளிநாட்டுல கஞ்சாவுக்கே கடை வச்சிருக்கான். நாம சாராயத்துக்குச் சண்டை போடுறோம்." கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பி, "பாஸ்டரய்யா, உங்க வேதம் என்ன சொல்லுது?" என்றார்கள்.

அன்றைக்கு நான் சுருக்கமாகச் சொன்னதை இந்த மாதம் வேதபாடமாக எழுதுகிறேன்.

1. கண்ட காரியத்தை மறக்கக் கூடாது

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். பாக்கெட் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மரித்துப்போனார்கள். அதற்கு முந்தின வருடம், 2023 மே மாதத்தில், மரக்காணம், செங்கல்பட்டு பக்கங்களிலும் இதே விஷம் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. அது முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது. பிறகு உயிரையே எடுக்கிறது.

கருணாபுரம் காட்டுக்குள் இல்லை, டவுனுக்குள் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் அரசு மதுக்கடைகளும் இருந்தன. ஆனால் கூலிக்காரன் கைக்கு எட்டியது விலை குறைந்த பாக்கெட்தான். ஆகவே கடையைத் திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்ற பேச்சு நிற்காது. கடையை மூடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அதே மாதிரிதான். நம் மலை ஓடைகளில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்தவர்கள் யாரிடமும் லைசென்ஸ் கேட்கவில்லையே!

2. என் சாட்சி

இதை வெட்கத்தோடு எழுதுகிறேன். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2017 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடினவை ஊருக்குள்ளே இடம் தேட ஆரம்பித்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் போல எத்தனையோ ஊர்களில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

அந்த வருடம் நான் மலையை விட்டிறங்கி, சமவெளியில் ஒரு சபையில் உதவி ஊழியம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்கும் ஒரு கடை வருவதாகப் பேச்சு வந்தது. மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். கடை எங்கள் தெருவுக்கு வரவில்லை. நான் பிரசங்கபீடத்தில் நின்று, "ஜெயம் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்!" என்று சத்தமிட்டேன். சபை முழுவதும் கை தட்டியது.

இரண்டு மாதத்தில் அதே கடை அரை மைல் தள்ளி, கூலிவேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெருமுனையில் திறக்கப்பட்டது. அந்தத் தெருவிலிருந்து எங்கள் சபைக்கு ஒரு சகோதரி வருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டார்கள்: "ஐயா, உங்க தெருவுல இருந்தா பாவம், எங்க தெருவுல இருந்தா பாவம் இல்லீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தெருவுக்காக நாங்கள் ஒரு கையெழுத்தும் போடவில்லை. ஒரு வேளை உபவாசமும் இருக்கவில்லை.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அந்தச் சகோதரியின் புருஷன் அதற்கு முன்னே ஒரு நாள் கூட்டத்துக்கு வந்திருந்தார். சாராய வாடை அடித்தது. "போதை தெளிஞ்ச பிறகு வாங்கண்ணே" என்று வாசலுக்கு வெளியே உட்காரவைத்தவன் நான்தான். அவர் பாட்டு முடியும் வரைக்கும் வெளியே உட்கார்ந்திருந்து, எழுந்து போய்விட்டார். பிறகு வரவே இல்லை. அடுத்த வருடம் அவருடைய அடக்க ஆராதனையில்தான் அவர் முகத்தை மறுபடியும் பார்த்தேன். கடை தெருவுக்கு வராதபடிக்கு அடைத்தேன். குடிகாரன் சபைக்குள் வராதபடிக்கும் அடைத்துவிட்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

டீக்கடையில் பேசின கஞ்சாக் கடை விஷயமும் இப்படித்தான். கனடா தேசம் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா விற்பனையைச் சட்டபூர்வமாக்கியது. ஒன்டாரியோ மாகாணத்தில், கடை வேண்டாம் என்கிற நகரசபைகள் 2019 ஜனவரிக்குள் சொல்லலாம் என்றார்கள். நம் தமிழ் ஜனங்கள் அநேகர் வாழும் மார்க்கமும் மிசிசாகாவும் வேண்டாம் என்றன. பக்கத்து டொராண்டோ சம்மதித்தது. வேண்டியவன் எல்லை தாண்டிப் போய் வாங்கினான். 2023-ல் மிசிசாகாவும் மனம் மாறி அனுமதித்தது. நம் தேசத்திலோ 1985-ம் வருட போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா வளர்ப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். இடமும் சரக்கும் வேறு. ஆனால் கேள்வி ஒன்றுதான். அடுத்த தெருவை யார் நினைப்பது?

3. எபேசு பட்டணம் கற்றுத்தருவது

இப்போது வேதத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 19-ல் தெமேத்திரியு என்ற தட்டான் கோபத்தோடு எழும்புகிறான். தியானாளுக்கு வெள்ளிக் கோவில்கள் செய்து விற்கிற அவனுடைய பிழைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. பவுல் என்ன செய்தார்? அவன் கடைக்கு முன்னால் மறியல் செய்தாரா? இல்லை. 9, 10 வசனங்களைப் பாருங்கள். திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருடம் தினமும் பேசினார். 18, 19 வசனங்களில், விசுவாசித்தவர்களே தங்கள் மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். யாரும் பறிக்கவில்லை, அவர்களே கொண்டுவந்தார்கள். தெமேத்திரியுவின் வியாபாரம் படுத்ததற்குக் காரணம், வாங்குகிறவன் மாறிவிட்டான். இதுதான் எழுப்புதல், தேவ ஜனமே!

இன்னொரு காரியம். 32-ம் வசனத்தில், கூடின கூட்டத்தில் அநேகருக்கு எதற்காகக் கூடினோம் என்பதே தெரியவில்லை. இரண்டு மணி நேரம் கத்தினார்கள். அப்போது பட்டணத்துச் சம்பிரதியானவன், ஒரு புறஜாதியான், வழக்கு இருந்தால் நியாயஸ்தலத்துக்குப் போங்கள் என்று அமர்த்துகிறான் (38, 39). தேவ பிள்ளைகளாகிய நமக்கு அவனைவிட ஒழுங்கு குறைவாக இருக்கலாமா?

அப்படியானால் கடையை எதிர்க்கக் கூடாதா? எதிர்க்க வேண்டும். பிறனைக் குடிக்கவைத்து அவன் மானத்தைக் கெடுக்கிறவனை ஆபகூக் 2:15 கடிந்துகொள்கிறது. நான் சொல்வது இதுதான்: மனு பாதி வேலை. மீதிப் பாதி, குடிக்கிற சகோதரனுடைய கையைப் பிடிப்பது. அந்தப் பாதி இல்லாவிட்டால் பாவத்தை ஏழையின் வாசலுக்குத் தள்ளிவிட்டோம் என்றே அர்த்தம்.

4. நாம் செய்யவேண்டியவை

அ. சட்டத்தை அறிந்து பேசுங்கள். 2003-ம் வருட விதிகளின்படி, வழிபாட்டுத் தலத்திலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை வைக்கக் கூடாது. கிராமசபையில் எழுந்து பேசலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். நம் தெருவுக்குக் கொடுக்கும்போது அடுத்த தெருவுக்கும் சேர்த்தே கொடுங்கள்.

ஆ. குடியை விடுகிறவனைத் தனியே விடாதிருங்கள். பல வருடம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதாகச் சொல்லலாம். இதைப் பிசாசு என்று எண்ணி அறையில் அடைத்துவைத்து ஜெபிக்காதிருங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அங்கே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். லூக்கா சுவிசேஷம் எழுதியவரும் வைத்தியர்தானே (கொலோசெயர் 4:14). போதை மீட்புக்கு 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

இ. சாராயம் குடித்தவன் "கண்ணு மங்குது, வயிறு வலிக்குது" என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதிருங்கள். போலீஸ் கேட்குமே, ஊர் சிரிக்குமே என்று மறைக்க வேண்டாம். மானத்தைவிட உயிர் பெரிது.

ஈ. வாசலில் வாடையோடு வருகிறவரை உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்யாதிருங்கள்.

சிந்திக்க:

நம் சபைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர் யார்? அவர் பெயர் நமக்குத் தெரியுமா? நாம் கடைசியாக அடுத்த தெருவுக்காக ஜெபித்தது எப்போது?

ஜெபம்:

ஆண்டவரே, எங்கள் தெருவை மட்டும் காக்கும்படி கேட்ட எங்களை மன்னியும். கருணாபுரத்து விதவைகளையும் பிள்ளைகளையும் ஆதரியும். ஊறல் வைத்துப் பிழைத்தவர்களுக்கு நல்ல பிழைப்பைக் கொடும். எங்கள் மலையில் எழுப்புதலை அனுப்பும். அது எங்களிடத்தில் ஆரம்பிக்கட்டும். ஆமென்.