கிரிவலக் கணக்கும் மலையகப் பாதையும்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடவேளையில் ஒருநாள், "இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் நம் மாநிலத்தில் அகதிகளாக வாழ்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். மணி அடித்ததும் ஒரு மாணவி மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க ஆயாவும் சிலோன்லதான் பொறந்தாங்க. ஆனா நாங்க அகதி இல்லைன்னு சொல்லுவாங்க. எது சரி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன்மா" என்றேன். சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை உறுத்தியது. 2025 மே விடுமுறையில், தடையின்மைச் சான்று பெற்று, தனியாக இலங்கை மலையகத்துக்குப் புறப்பட்டேன்.

நடந்த வழி

கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது 'பீக்கோ தடம்'. தேயிலைத் தோட்டங்களுக்குள் செல்லும் பழைய பாதைகளை இணைத்து அண்மை ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 300 கி.மீ.; 22 பகுதிகள். பகலில் நடந்து, இரவில் ஒரு விடுதியில் தங்கி, காலையில் அடுத்த விடுதியை நோக்கி நடக்கலாம். என்னால் ஐந்து நாள்களில் சில பகுதிகளைத்தான் நடக்க முடிந்தது.

அந்தத் தடத்தில் உள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் அம்மலைகளில் காப்பிதான் பெரும்பயிர். 1869-இல் இலைத்துரு நோய் தாக்கிக் காப்பி அழிய, தேயிலை பரவியது. இரண்டு பயிருக்கும் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற குடும்பங்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023-இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள்.

தவறிய கணக்கு

மூன்றாம் நாள் நடக்க வேண்டிய தூரம் 14 கி.மீ. 'நம்ம கிரிவலப் பாதை அளவுதானே, மூன்று மணி நேரம் போதும்' என்று மதியம் கிளம்பினேன். தூரத்தைப் பார்த்தேனே தவிர ஏற்றத்தைப் பார்க்கவில்லை. பிற்பகல் மழையும் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டன. காலில் அட்டைகள். ஐந்தரை மணி நேரமாகியும் விடுதி வரவில்லை, இருட்டத் தொடங்கியது. பயந்துதான் போனேன்.

கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து நின்றார். "எந்த ஊருங்க?" "திருவண்ணாமலை." "தீபம் ஏத்துற ஊரா?" என்றவர், விடுதி வாசல்வரை கூடவே வந்தார். அவருடைய அண்ணன் குடும்பம் எழுபதுகளில் 'இந்தியா போயிருச்சு'. பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லையாம். என் மாணவியின் கேள்வி அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

வகுப்பறையில் மூன்று பாடவேளைகள்

*முதல் பாடவேளை: தூரமும் ஏற்றமும்.* மலைநடைக்கு வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 5 கி.மீ.க்கு 1 மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக 1 மணி நேரம். கிரிவலம் 14 கி.மீ., பெரிய ஏற்றம் இல்லை: 2 மணி 48 நிமிடம். அதே தூரத்தில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் 3 மணி 48 நிமிடம். மழை, சேறு, ஓய்வு இவை தனி. என் தவறையே கணக்காகக் கொடுத்தேன். "டீச்சர் எத்தனை மணிக்குக் கிளம்பியிருக்கணும்?" என்று குழுக்களாகப் போட்டு, சிரித்துக்கொண்டே விடை கண்டார்கள்.

*இரண்டாம் பாடவேளை: வரைபடத்தில் ஒரு குடும்பத்தின் பாதை.* இராமேசுவரம், தலைமன்னார், மாத்தளை, கண்டி ஆகிய இடங்களைக் குறித்துக் கோட்டால் இணைத்தார்கள். பிறகு அதே கோட்டைத் திரும்பி வரும் திசையில் வேறு வண்ணத்தில் வரைந்தார்கள்.

*மூன்றாம் பாடவேளை: இரண்டு சொற்கள்.* கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒருபுறம் 'தாயகம் திரும்பியோர்': 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றது. மீதி 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அப்படி வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். நீலகிரியின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்களின் மறுவாழ்வுக்காகத் தொடங்கப்பட்டவையே. மறுபுறம் 'அகதிகள்': 1983 கலவரத்துக்குப் பின் உயிர்காக்கக் கடல் கடந்தவர்கள். அவர்களிலும் மலையக வழியினர் உண்டு. நம் மாவட்டத்திலும் இருக்கும் முகாம்களுக்கு 2021 முதல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்பதே பெயர்.

இறுதியில், "சென்ற ஆண்டு நான் இரண்டையும் ஒன்றாகச் சொன்னேன். அது தவறு" என்று வகுப்பின் முன் சொன்னேன்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு

இத்தகைய பின்னணியுள்ள குழந்தையை எழுப்பி நிறுத்தி, "உன் குடும்பக் கதையைச் சொல்" என்று கேட்டுவிட வேண்டாம். நான் பாடத்துக்கு முந்தைய நாளே அவளைத் தனியாக அழைத்து, "இதை நடத்தலாமா? உன் பெயர் வராது" என்று கேட்டேன். வீட்டில் கேட்டு வருவதாகச் சொன்னாள். மறுநாள் தலையசைத்தாள். எல்லா மாணவர்க்கும் பொதுவாக, "உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்போது, எங்கிருந்து வந்தது?" என்ற வினாவைக் கொடுத்தால் யாரும் தனித்து நிற்க நேராது. வேங்கிக்காலிலேயே வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனை என்று அன்று எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் அவள் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். அதில் ஆயா பிறந்த தோட்டத்தின் பெயரும், பள்ளிக்கு நடந்த தூரமும் இருந்தன: இரண்டு மைல், ஏற்றம். கீழே, "ஏத்தத்துக்கு எவ்வளவு நேரம்னு டீச்சரைக் கணக்குப் போடச் சொல்லு" என்று ஆயா சொன்னதாக எழுதியிருந்தாள்.

ஏற்றம் எத்தனை மீட்டர் என்று ஆயாவிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.