‘நடக்க முடியும்’ வேற, ‘நடக்கிறான்’ வேற

உடல் அசைவைப் படம்பிடிக்கும் கேமராக்கள் பற்றி இந்த வார எபிசோடில் பேசினோம். அதில் நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே பார்ப்போம்: செரிப்ரல் பால்சி, அதாவது பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் நடையை எப்படி மதிப்பிடுறாங்க?

முதலில் பயன்படுவது ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற 5 நிலை வகைப்பாடு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 1997-இல் உருவாக்கியது. முதல் நிலைக் குழந்தை பிடிமானம் இல்லாமல் நடக்கும், ஓடும். மூன்றாம் நிலைக்கு வாக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்தி வைப்பதே சிரமம். இந்த நிலை சீக்கிரம் மாறாது. அதனால் சிகிச்சைக்கு அப்புறம் அன்றாட நடமாட்டம் எவ்வளவு மாறியது என்று பார்க்க இது மட்டும் போதாது.

அதற்கு உதவுவது எஃப்.எம்.எஸ். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உருவாகி 2004-இல் வெளிவந்த அளவுகோல். இதில் 3 தூரங்கள்: வீட்டுக்குள் 5 மீட்டர், பள்ளியில் 50 மீட்டர், வெளியிடங்களில் 500 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை ஒரு எண். 1 என்றால் சக்கர நாற்காலி, 2 என்றால் வாக்கர், 6 என்றால் எந்தத் தரையிலும் உதவியில்லாத நடை. ஒரே குழந்தைக்கு 5, 2, 1 என்று வரலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இந்த எண்களைப் பெற்றோரிடம் கேட்டுத்தான் போடுறாங்க. இங்கேதான் நாம கவனிக்கணும். “நல்லா நடப்பான் டாக்டர்” என்று பெருமையாகச் சொல்லிடுவோம். டாக்டர் கேட்பது அவனால் என்ன முடியும் என்பதை அல்ல, தினமும் என்ன செய்கிறான் என்பதை. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும் தாத்தா பாட்டிக்கும் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்க.

சரி, கேமரா எதுக்கு? ஒரு குழந்தை குதிகால் படாமல் நடக்குதுன்னு வைப்போம். கெண்டைத் தசை இறுக்கம் என்றுதான் முதலில் தோணும். ஆனால் இடுப்பும் முழங்காலும் மடங்கியிருப்பதாலேயே குதிகால் தூக்கி நிற்கலாம். கணுக்கால் சரியான கோணத்தில்தான் இருக்கும். அது தெரியாமல் குதிகால் தசைநாணை நீட்டி அறுவை செய்தால், முழங்கால் இன்னும் அதிகமாக மடங்கிப்போகும் ஆபத்து உண்டு. இரண்டையும் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். அதனால்தான் நடை ஆய்வுக்கூடத்தில் உடம்பில் ஒளி பிரதிபலிக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டி, பல கேமராக்களில் பதிவுசெய்து, மூட்டுக் கோணங்களைக் கணக்கிடுறாங்க. பாதம் தரையில் தரும் விசையை அளக்க, தரையிலேயே தட்டுகள் பதித்திருக்கும்.

இதை ஒற்றைக் கேமராவில் செய்ய முடியுமா? 2020-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் செரிப்ரல் பால்சி உள்ள 1,000-க்கும் மேற்பட்டோரின் வீடியோக்களை வைத்து ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினாங்க. நடை வேகம், முழங்கால் மடக்கம் போன்றவற்றை அது ஓரளவு நன்றாகவே கணித்தது. ஆனால் எந்தத் தசையை அறுவை செய்வது என்று முடிவெடுக்க அது மட்டும் போதாது.

ஆய்வுக்கூடத்தில் பதிவாவது சமதரையில், பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கும் நடை. பள்ளி முடிந்து களைத்து வரும் நடை அங்கே தெரியாது. அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்:

• ஒரு வாரம் 5, 50, 500 மீட்டரில் பிள்ளை எதைப் பிடித்துப் போகிறான் என்று குறித்து வையுங்க. பள்ளியில் எப்படி என்று டீச்சரிடம் கேளுங்க.

• முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வீடியோ எடுங்க. போன் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும், பாதம் வரை தெரியட்டும்.

• வெறுங்காலோடு ஒன்று, ஸ்பிளின்ட் போட்டு ஒன்று.

அடுத்த வாரம் சந்திப்போம்!