மின்காந்த அலைகளும் அப்பாவின் கேள்வியும்

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)



என் அப்பா குமரிக் கடலோரத்தில் மீன்பிடித் தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். டிப்ளமோ சேர்ந்த புதிதில் அப்பா கேட்டார்: "மக்களே, கொஞ்ச தூரம் போனா செல்லு செத்துப் போவுது. வயர்லெஸ் மட்டும் எப்பிடி பேசுது?" அன்று முழித்தேன். இன்று பதில் தெரியும்.

ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை எல்லாம் ஒரே குடும்பம். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம், விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். எந்த அலைக்கு என்ன வேலை என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

1. மத்திய அலை: 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 300 மீட்டர். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடற்பரப்பை ஒட்டியே வெகுதூரம் செல்லும்.

2. வி.எச்.எஃப்.: கடல் வயர்லெஸ்ஸில் அபாய அழைப்புக்கு உரிய 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 1.9 மீட்டர். ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் பூமியின் வளைவு மறைத்துவிடும். இரு ஏரியல்களின் உயரத்துக்கும் (மீட்டரில்) வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள், எட்டும் தூரம் கி.மீ.யில் கிடைக்கும். இரு படகிலும் 4 மீட்டர் ஏரியல் என்றால் சுமார் 16.5 கி.மீ. கரையில் 36 மீட்டர் ஏரியல் இருந்தால் 33 கி.மீ.

3. செல்போன்: இதுவும் நேர்கோடுதான். ஆனால் கரையில் உள்ள டவர் கிடைத்தே ஆக வேண்டும். கைபேசியின் சக்தியும் குறைவு. வயர்லெஸ்ஸுக்கு டவர் வேண்டாம், படகும் படகும் நேரே பேசிக்கொள்ளும். அப்பாவின் கேள்விக்கு இதுதான் விடை.

4. செயற்கைக்கோள் அலைகள்: ஜி.பி.எஸ். 1575.42 மெகாஹெர்ட்ஸ், அபாய பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸ். மேலிருந்து தொடர்பு கிடைப்பதால் வளைவு தடையில்லை.

இதற்கும் மேலே, 3 செ.மீ. அலை படகு ரேடாருக்கு, அகச்சிவப்பு டி.வி. ரிமோட்டுக்கு; கண்ணுக்குத் தெரியும் ஒளி கலங்கரை விளக்கத்துக்கு; புறஊதா குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு; எக்ஸ் கதிர் எலும்பு முறிவு பார்க்க; காமா கதிர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு.

2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எங்கள் கரையில் பல வீடுகளுக்கு ஆட்கள் திரும்பவே இல்லை. அப்போது நான் சின்னப் பையன். சூத்திரம் படிக்கும்போதெல்லாம் அந்த வீடுகள் ஞாபகம் வரும்.

ஏரியலை நாலு மடங்கு உயர்த்தினால், நம் பக்கத்துத் தூரம் இரண்டு மடங்காகும். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பேசவில்லை. மறுநாள் ஒரு மீட்டரில் இருந்த ஏரியலை நாலு மீட்டர் கம்பில் ஏற்றிக் கட்டிவிட்டுத்தான் கடலுக்குப் போனார்.