ஜா பிளேட் சீக்கிரம் உடையாமல் இருக்க

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் கிரஷர் நடத்துகிறவர்களுக்கு, கல்லை நொறுக்கும் ஜா பிளேட் ஒரு தீராத செலவு. கல் தேய்த்துத் தீர்வதற்கு முன்பே பொருத்திய விதத்தாலும் வெல்டிங்காலும் உடைந்துபோகும் பிளேட்டுகள் ஏராளம். அந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

ஜா பிளேட் மாங்கனீசு எஃகில் வார்க்கப்படுவது. 1882-இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹேட்ஃபீல்டு கண்டுபிடித்த கலவை: மாங்கனீசு 11 முதல் 14 சதவீதம், கார்பன் சுமார் 1.2 சதவீதம். பாலாகாட், நாக்பூர் வட்டாரச் சுரங்கங்களில் எடுக்கும் பைரோலுசைட், பிரௌனைட் போன்ற கருநிறத் தாதுக்களை மின்உலையில் ஃபெரோமாங்கனீசாக உருக்கி, அதைத்தான் எஃகில் சேர்க்கிறார்கள். இந்தியாவில் இந்தத் தாதுவை முதலில் வெட்டியெடுத்தது நம் பழைய சென்னை மாகாணத்தில், 1892-இல், விஜயநகரம் பக்கம்.

இந்த எஃகின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடி வாங்கினால் இறுகும், சூடு ஏறினால் நொறுங்கும். புதிய பிளேட்டின் கடினம் சுமார் 200 பிரினெல். கல் மோத மோத மேற்பரப்பு மட்டும் 500 வரை ஏறும், உள்ளே பழைய உறுதி அப்படியே இருக்கும்.

முதலில் உங்கள் கல்லைப் பாருங்கள். பல்லாவரத்துக் கல்லுக்கு 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னோகைட் என்று பெயரிட்டார். அந்தக் கெட்டிக் கருங்கல்லுக்கு மாங்கனீசு எஃகு நன்றாகப் பொருந்தும். மண் கலந்த, உதிரும் கல்லையே அரைத்தால் போதிய அடி விழாது. பிளேட் இறுகாமலே தேய்ந்துபோகும்.

வாங்கும்போது ஐ.எஸ். 276 தரத்துக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். வார்த்த பிளேட்டை ஏறத்தாழ 1,050 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்கியிருக்க வேண்டும். முக்காத பிளேட் கண்ணாடி மாதிரி உடையும். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். நல்ல மாங்கனீசு எஃகைக் காந்தம் பிடிக்காது. மேல்தோலில் மட்டும் லேசாக ஒட்டினால் பயப்பட வேண்டாம், உலைச் சூட்டில் அந்தத் தோல் கார்பனை இழந்திருக்கும். ஓரத்தில் கொஞ்சம் கிரைண்டிங் செய்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். அப்போதும் இழுத்துப் பிடித்தால் வாங்காதீர்கள்.

மாட்டுவதற்கு முன் பின்பக்க இருக்கையில் ஒட்டிய கல்தூளைச் சுரண்டி எடுங்கள். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் பிளேட் வளைந்து விரிசல் விடும். தொடக்கத்தில் அளவான கல்லைப் போட்டு மேற்பரப்பை இறுக விடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். அடிபடும்போது இந்த எஃகு பரவும். அதனால் ஆரம்பத்தில் போல்ட் தளர்வது இயல்பு.

கீழ்ப்பாதிப் பற்கள்தான் சீக்கிரம் தேயும். அவை முழுக்க மழுங்கும்வரை காத்திருக்காமல் பிளேட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள்.

வெல்டிங்கில்தான் அதிகக் கவனம் வேண்டும். மற்ற இரும்பைப் போல முன்கூட்டிச் சூடாக்கக் கூடாது. இறுகிய மேல்தோலையும் விரிசலையும் கிரைண்டரால் எடுத்துவிட்டு, மாங்கனீசு எஃகுக்கான எலக்ட்ரோடில் சின்னச் சின்னக் கோடாக, இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் சூடு இருக்கும்போதே சுத்தியலால் தட்டுங்கள். வெல்டுக்குப் பக்கத்து இரும்பு 260 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகமென்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். பிளேட்டைத் தண்ணீரில் பாதி முங்க வைத்துப் பற்றவைப்பதும் உண்டு. வெல்டிங் புகையில் மாங்கனீசு இருக்கிறது. நாள்பட மூச்சில் போனால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். கை நடுக்கம், நடைத் தடுமாற்றம் வரும். மூடிய ஷெட்டில் வெல்டரை உட்கார வைக்காதீர்கள், தகுந்த முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பிளேட்டைவிட அவர் உடம்பு முக்கியம்.

தேய்ந்த பிளேட்டில் உளி அடிக்கலாம் என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். மாமல்லபுரத்துச் சிற்பிகளின் உளி, காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கடினமாகும் கார்பன் எஃகு. மாங்கனீசு எஃகோ அதே தண்ணீரில் மிருதுவாகும், கூர் நிற்காது. பழைய பிளேட்டைச் சாதா இரும்போடு கலக்காமல் தனியாக வைத்து, மாங்கனீசு எஃகு என்று சொல்லியே வார்ப்பாலைக்கு விலை பேசுங்கள்.