நெஞ்சை அழுத்தும் ‘அமுக்குவான் பேய்’

விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பதுபோல் தோன்றும் நிலையைக் கிராமங்களில் ‘அமுக்குவான் பேய்’ என்பர். மருத்துவம் இதைத் தூக்க முடக்கம் என்கிறது. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் கனவுத் தூக்கத்தில், கனவில் ஓடுபவர் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அத்தளர்வு நீங்குமுன் நினைவு விழித்துக்கொள்வதே இதன் காரணம். உதரவிதானம் தொடர்ந்து இயங்குவதால் மூச்சு நின்றுவிடாது என்பதை, அச்சத்தில் தவிப்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டும். போராடி எழ முயலாமல், மூச்சைக் கவனித்தபடி ஒரு கால்விரலை மட்டும் அசைக்க முயலலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் முடக்கம் விலகும். மல்லாந்து படுப்போருக்கும் தூக்கம் கெட்டோருக்கும் இது மிகுதியாதலால் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. பகலிலும் அடக்க முடியாத உறக்கம் வந்து, சிரிக்கும்போது முழங்கால் துவண்டால், நார்கோலெப்சி என்னும் உறக்க நோயாக இருக்கலாம் என்பதால் நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும்.