அப்பத்தாவின் ரூபாயில் பாதி வெள்ளி எங்கே போனது?

கேள்வி: அப்பத்தாவின் சுருக்குப் பையில் 11 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. 4 காசுகளில் 1918 என்றும், 7 காசுகளில் 1944 என்றும் பொறித்திருக்கிறது. கொலுசு செய்யலாம் என்று ஆசாரியிடம் கொடுத்தேன். 1944 காசுகளை உரசிப் பார்த்துவிட்டு, "பாதிதாம்மா வெள்ளி" என்றார். எடை போட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அப்பத்தாவை யாரோ கள்ளக்காசு கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, காரைக்குடி

பதில்: இல்லை அம்மா, அவை சர்க்கார் அக்கசாலையில் அடித்த நல்ல காசுகள்தான். ஆசாரி சொன்னதும் உண்மை. வெள்ளியைக் குறைத்தது சர்க்காரேதான்.

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ரூபாய்க்கு ஓர் அளவு வகுத்தார்கள். எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் 12 பங்குக்கு 11 பங்கு சுத்த வெள்ளி. நாட்டு மருந்துக்காரர்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று சரக்கு நிறுத்தது இந்தக் காசை வைத்துத்தான். 100 ஆண்டுகளுக்கு மேல் அந்த மாற்று குறையவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மக்கள் நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினார்கள். சர்க்கார் 1940-இல் வெள்ளியைப் பாதியாக்கி, 40 சதவீதம் செம்பும், நிக்கலும் துத்தநாகமும் தலா 5 சதவீதமும் கலந்தது. எடையில் கை வைக்கவில்லை. அதனால்தான் உங்கள் தராசுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பழைய ரூபாய்களைப் படிப்படியாகச் செல்லாதவையாக்கித் திரும்பப் பெற்றார்கள். அப்படியும் உங்கள் அப்பத்தா நான்கைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார். எவ்வளவு விவரமானவர்!

காசின் மதிப்புக்கும் அதிலுள்ள உலோகத்தின் விலைக்கும் இடைவெளி கூடினால் கள்ளக்காசு அடிப்பவனுக்குக் கொண்டாட்டம். அது தெரிந்துதான் புதிய ரூபாய்க்கு ஓரத்தில் காவல் வைத்தார்கள். 1944 காசை விளிம்பு தெரியப் பிடித்துப் பாருங்கள். வரிகளுக்கு நடுவே காசைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். அச்சில் வார்த்துக் கள்ளக்காசு செய்பவனுக்கு அதைச் சுத்தமாகக் கொண்டுவருவது கஷ்டம். 1918 காசில் வெறும் வரிகள் மட்டும்தான். பிறகு மன்னர் கன்னத்தைப் பாருங்கள். 1944 காசு தேய்ந்திருந்தால் அந்த மேட்டில் மஞ்சள் தட்டும். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி வெள்ளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தபோது, காசில் அவர் மூக்கு தேய்ந்து செம்பு தெரிந்தது. ஜனங்கள் அவருக்குச் 'செம்பு மூக்கர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1947-இல் அந்தப் பாதி வெள்ளியும் போய், ரூபாய் முழு நிக்கலானது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

கொலுசுக்குக் கொடுக்குமுன் இரண்டு வகையையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். 1918 காசு நான்கிலும் சேர்த்துச் சுமார் 43 கிராம் வெள்ளி இருக்கும். 1944 காசு ஏழையும் உருக்கினாலும் 41 கிராம் தேறாது.